அரைவட்ட மர மேசை: திட்டமிடலும் நிர்மாணமும்

மாணவர்களே, மரவேலை அலகில் "ஒரு தளபாடத்தைத் திட்டமிட்டு நிர்மாணித்தல்" என்னும் பகுதிக்குப் பலரும் சதுர மேசையையே எழுதுகின்றனர். அரைவட்ட மேசையை விளங்கிக் கொண்டால் கேத்திரகணிதம், மரத்தின் இயல்பு, உறுதிநிலை ஆகிய மூன்றையும் ஒரே விடையில் காட்டலாம். இது சுவரோரம் வைப்பதற்கு ஏற்ற மேசை. முன்பக்கத்தில் மூலை இல்லாதபடியால் ஒடுங்கிய விறாந்தையில் நடப்பவரின் இடுப்பில் இடிக்காது. 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் இவ்வகை மேசைகள் பெரிதும் விரும்பப்பட்டன. 1788 இல் வெளிவந்த ஹெப்பிள்வைற்றின் தளபாட வடிவமைப்பு நூல் அக்காலப் பாணியைப் பரப்பிய நூல்களுள் ஒன்றாகும்.

1. முதலில் ஒரு அனுபவம்

நான் உயர்தரம் படித்த காலத்தில் எங்கள் வீட்டுப் பின்விறாந்தைதான் பெரியப்பாவின் பட்டறை. அங்கே நான் செய்த முதல் அரைவட்ட மேசைக்கு மூன்று கால்களே வைத்தேன். மூன்று கால் மேசை சமனற்ற நிலத்திலும் ஆடாது; ஒரு காலுக்குரிய மரமும் மிச்சம். மேசை அழகாகத்தான் இருந்தது. இரண்டு கிழமை கழித்து, கதிரையிலிருந்து எழும்பிய அம்மம்மா மேசையின் விளிம்பில் கையை ஊன்றினார். மேசை கவிழ்ந்தது. அவருடைய மணிக்கட்டு முறிந்தது.

பெரியப்பா ஏசவில்லை. அடிமட்டத்தை எடுத்து அளந்து காட்டிவிட்டு, "தம்பி, மேசை ஆடுதோ எண்டு மட்டும் பாத்தனி. கவிழுமோ எண்டு பாக்கேல்லை" என்றார். அவர் அன்று அளந்து காட்டியதே இப்பாடத்தின் மையக் கருத்து.

2. அளவுகளும் கணிப்பும்

மேற்பலகையின் ஆரை 42 செ.மீ., தடிப்பு 2 செ.மீ., காலின் உயரம் 72 செ.மீ. எனக் கொள்வோம். (பை = 22/7)

பரப்பளவு = ½ × 22/7 × 42 × 42 = 2772 சதுர செ.மீ.
வில்லின் நீளம் = 22/7 × 42 = 132 செ.மீ.
சுற்றளவு = 132 + 84 = 216 செ.மீ.

கவனிக்க: சுற்றளவு கேட்டால் விட்டத்தையும் கூட்டுதல் வேண்டும். பலர் 132 உடன் நிறுத்திப் புள்ளிகளை இழக்கின்றனர்.

84 × 42 செ.மீ. செவ்வகத்திலிருந்து வெட்டினால் 3528 − 2772 = 756 சதுர செ.மீ. கழிவாகும். இதைக் குறைக்கலாம். 14 செ.மீ. அகலமான மூன்று பலகைகளை ஒட்டி மேற்பலகை செய்யும்போது மூன்றும் ஒரே நீளமாக இருக்கத் தேவையில்லை. பைதகரஸ் தேற்றப்படி இரண்டாம் பலகைக்கு ஏறத்தாழ 80 செ.மீ., மூன்றாவதற்கு ஏறத்தாழ 63 செ.மீ. போதும். வாள்வெட்டுக்காக ஒவ்வொன்றிலும் 2 செ.மீ. கூட விடுக.

3. கால்களை எங்கே வைப்பது?

மேசை தாங்கப்படுவது கால்களின் அடிகளை இணைக்கும் கோடுகளுக்குள் மட்டுமே. அக்கோட்டுக்கு வெளியே நீண்டிருக்கும் பலகையை அழுத்தினால் மேசை கவிழ முயலும்.

கால்களின் வெளிவிளிம்புகள் 40 செ.மீ. ஆரையுள்ள அரைவட்டத்தில் அமைவதாகக் கொள்வோம்.

மூன்று கால்கள்: அடுத்தடுத்த இரு கால்கள் மையத்தில் 90 பாகையை அமைக்கும். மையத்திலிருந்து கால்களை இணைக்கும் கோட்டுக்குள்ள தூரம் ஏறத்தாழ 28.3 செ.மீ. ஆகவே வெளியே நீளும் பகுதி 42 − 28.3 = 13.7 செ.மீ.

நான்கு கால்கள்: மையக்கோணம் 60 பாகை. தூரம் = √(40² − 20²) = √1200, அதாவது ஏறத்தாழ 34.6 செ.மீ. வெளியே நீளும் பகுதி 42 − 34.6 = 7.4 செ.மீ.

அரைவட்டப் பலகையின் புவியீர்ப்பு மையம் நேர்விளிம்பிலிருந்து ஆரையின் 0.424 மடங்கு தூரத்தில், அதாவது இங்கு ஏறத்தாழ 17.8 செ.மீ. இல் உள்ளது. இதைக் கொண்டு விசையின் திருப்பத்தைக் கணித்தால், மூன்று கால் மேசையைக் கவிழ்க்க மேசையின் நிறைக்குச் சற்று அதிகமான அழுத்தமே போதும். நான்கு கால் மேசைக்கு அதன் நிறையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். 10 கிலோகிராம் மேசையில் ஒரு முதியவர் கையை ஊன்றி எழும்பும்போது இந்த வித்தியாசமே அவரைக் காக்கும்.

நான்கு கால்களின் இடத்தைக் காணப் பாகைமானி தேவையில்லை. 40 செ.மீ. அரைவட்டத்தை வரைந்த அதே அளவை மாற்றாமல், ஒரு முனையிலிருந்து வில்லின்மேல் அடுத்தடுத்து வெட்டிச் செல்க. மூன்றாவது வெட்டு மறுமுனையில் சரியாக விழும். விழாவிட்டால் வரைதலில் பிழை உண்டு. மரத்தை வெட்டுமுன் திருத்துக.

4. செய்முறைப் படிகள்

(அ) மரம்: நன்கு உலர்ந்த தேக்கு, மகோகனி அல்லது பலா. பலா மரம் சொந்த வளவில் நின்றாலும் அனுமதிப்பத்திரமின்றித் தறித்தல் கூடாது.

(ஆ) முழு அளவு வரைபடம்: கடதாசி மட்டையில் மேசையை முழு அளவில் வரைக. சட்டங்களின் நீளத்தையும் கோணத்தையும் இதிலிருந்தே எடுக்க வேண்டும்.

(இ) ஒட்டுதல்: பலகைகளின் ஓரங்களைச் சீவுளியால் நேராக்கி, மரப்பசை பூசி, கிளாம்ப் கொண்டு இறுக்குக. மரரேகை நேர்விளிம்புக்குச் சமாந்தரமாக இருத்தல் வேண்டும்.

(ஈ) அரைவட்டம் வரைதல்: ஒரு மெல்லிய சட்டத்தின் முனையில் ஆணியும், 42 செ.மீ. தள்ளிப் பென்சிலுக்குத் துளையும் இட்டால் அதுவே கவராயம். மையம் பலகையின் விளிம்பில் வருவதால் ஆணி பலகையைப் பிளக்கக் கூடும். ஆகவே விளிம்போடு ஒரு கழிவுக்கட்டையைச் சேர்த்து இறுக்கி, இரண்டும் சந்திக்கும் கோட்டில் ஆணியை ஊன்றுக. பலகையின் அடிப்பக்கத்திலேயே வரைக.

(உ) வெட்டுதல்: கோட்டுக்கு வெளியே 2 மில்லிமீற்றர் விட்டு வில்வாளால் அறுக்க. பின்னர் வளைவின் நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கிச் சீவுக. எதிர்த்திசையில் சீவினால் மரநார் கிழியும்.

(ஊ) சட்டகம்: முன்பக்கத்தில் வளைந்த சட்டம் செய்வது கடினம். கால்களுக்கிடையே மூன்று நேர்ச் சட்டங்களையும், பின்னால் ஒரு நீண்ட சட்டத்தையும் பொருத்துக. இது ஓர் ஒழுங்கான அறுகோணியின் பாதியாகும். முன்கால்களில் சட்டங்கள் 120 பாகையிலும், பின்கால்களில் 60 பாகையிலும் சந்திக்கும்.

(எ) மேற்பலகையைப் பொருத்தல்: பசை பூசாது, நீள்துளையிட்ட கட்டைகளினூடாகத் திருகாணியால் பொருத்துக. ஈரப்பதன் மாறும்போது மரம் ரேகைக்குக் குறுக்காக விரிந்து சுருங்கும். அதற்கு இடமளிக்காவிட்டால் பலகை வெடிக்கும்.

(ஏ) முடிப்பு: மணற்தாளால் மரரேகை வழியே தேய்த்து, தூசு துடைத்து, வானிசு பூசுக. அடிப்பக்கத்துக்கும் பூசுக, ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை வளையக்கூடும்.

5. மாதிரி வினாக்கள்

வினா 1: மூன்று கால் மேசையின் ஒரு நன்மையையும் ஒரு தீமையையும் தருக.
விடை: சமனற்ற நிலத்திலும் ஆடாமல் நிற்கும். கால்களுக்கு இடைப்பட்ட விளிம்பை அழுத்தினால் எளிதில் கவிழும்.

வினா 2: மேற்பலகையைச் சட்டகத்துடன் பசையால் ஒட்டலாகாது. காரணம் கூறுக.
விடை: மரம் ரேகைக்குக் குறுக்காக விரிந்து சுருங்குவதால் பலகை வெடிக்கும் அல்லது வளையும்.

வினா 3: மேற்பலகையின் ஆரை 35 செ.மீ. எனின் வளைந்த விளிம்பில் ஒட்டத் தேவையான பட்டியின் நீளம் யாது?
விடை: 22/7 × 35 = 110 செ.மீ. (வளைந்த விளிம்பு மட்டும் கேட்கப்பட்டதால் விட்டத்தைக் கூட்டக் கூடாது.)

வினா 4: 40 செ.மீ. ஆரையுள்ள அரைவட்டத்தில் கால்களை 45 பாகை இடைவெளியில் வைத்தால் எத்தனை கால்கள் தேவை?
விடை: ஐந்து. (180 ÷ 45 = 4 இடைவெளிகள்; இரு முனைகளிலும் கால் இருப்பதால் ஒன்று கூடும்.)

நினைவிற் கொள்க: "மேசை உறுதியாக இருத்தல் வேண்டும்" என்று எழுதினால் மட்டும் போதாது. கால்களை இணைக்கும் கோட்டை வரைந்து, வெளியே நீளும் அளவைக் கணித்துக் காட்டுங்கள். வீட்டில் செய்து பார்ப்பவர்கள் மேசையைச் சுவரோரம் வைக்குமுன் விளிம்பைச் சுற்றிலும் ஒவ்வோர் இடமாகக் கையை ஊன்றிப் பாருங்கள். நான் அன்று அதைச் செய்யவில்லை.