பண்ணையில் வெல்டிங் இயந்திரம்: நிறுவும் முறையும் பாதுகாப்பும்

மண்ணில் ஈரம் இருக்கும் இரண்டு மூன்று நாட்களுக்குள் உழவு முடிந்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கலப்பைச் சட்டத்தில் விரிசல் கண்டாலோ, டிரெய்லர் கதவின் கீல் உடைந்தாலோ, டவுன் பட்டறைக்குச் சென்று திரும்புவதற்குள் ஒரு நாள் வீணாகிவிடுகிறது. எனவே சிறு விவசாயிகளில் சிலர் தனியாகவும், சிலர் நாலைந்து பேர் கூட்டாகவும் சிறிய வெல்டிங் இயந்திரம் வாங்கி வைத்துக் கொள்கின்றனர். முறையாக நிறுவி இயக்கினால் இது பெரிதும் பயன் தரும். அலட்சியமாகக் கையாண்டால் கண்ணையும் உயிரையும் பறித்துவிடும்.

இயங்கும் விதம்

வெல்டிங் ராடின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே மின்சாரம் தாவும்போது உண்டாகும் பொறிச்சுடரில் 3,500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வெப்பம் எழுகிறது. அந்த வெப்பத்தில் இரும்பின் விளிம்புகளும் ராடும் உருகி ஒன்றாகின்றன. ராடின் மேல் பூசியுள்ள மருந்து எரிந்து, உருகிய இரும்பில் காற்று படாமல் காத்துப் பின்னர் கசடாகப் படிகிறது.

இயந்திரத் தேர்வு

எண்ணெயில் குளிர்விக்கப்படும் பழைய டிரான்ஸ்பார்மர் இயந்திரங்கள் கனமானவை. அவற்றுள் பல, இரண்டு பேஸ் மின்சாரத்தில் இயங்குபவை. இப்போது கிடைக்கும் இன்வர்ட்டர் இயந்திரங்கள் எடை குறைந்தவை. 230 வோல்ட் ஒற்றை பேஸில் இயங்குபவையும் உள்ளன. பண்ணை வேலைக்கு 200 ஆம்பியர் இயந்திரம் போதும். வாங்கும்போது ‘டூட்டி சைக்கிள்’ என்ற அளவைக் கேட்டறிய வேண்டும். 160 ஆம்பியரில் 60 சதம் என்று குறிக்கப்பட்டிருந்தால், அந்த அளவில் 10 நிமிடத்தில் 6 நிமிடம் வேலை செய்து 4 நிமிடம் ஓய்வு தர வேண்டும்.

மின் இணைப்பு

வேலையில் உள்ள இயந்திரம் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும். வீட்டிலுள்ள 16 ஆம்பியர் பிளக் இதைத் தாங்காது. தனியாக 32 ஆம்பியர் எம்.சி.பி., கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மெயின் சுவிட்ச், 6 சதுர மி.மீ. தாமிர வயர் ஆகியவற்றை உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு அமைப்பதே முறை. உருகு கம்பிக்குப் பதில் தடித்த கம்பியைக் கட்டுவதும், லைன் கம்பியில் கொக்கி மாட்டுவதும் சாவை வரவழைக்கும் செயல்கள்.

பம்புசெட்டுக்கு வழங்கப்பட்ட விவசாய மின் இணைப்பை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அனுமதியற்ற உபயோகம் ஆகும். ஆகவே இயந்திரம் வாங்குமுன் மின் வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, உரிய இணைப்பு பெற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டு எர்த்துகள்

பலரும் குழம்புவது இங்கேதான். இரும்பில் கவ்வ வைக்கும் கிளாம்பை ‘எர்த்’ என்று பட்டறையில் சொல்வார்கள். அது வெல்டிங் மின்சாரம் இயந்திரத்துக்குத் திரும்பி வரும் வழி மட்டுமே. இயந்திரத்தின் பெட்டியைத் தரையோடு இணைக்கும் எர்த் வேறு. உள்ளே மின்கசிவு ஏற்பட்டால் காப்பாற்றுவது இந்த இரண்டாவது எர்த்தே. கிளாம்ப் மாட்டியிருக்கிறதே என்று இதை விட்டுவிடக் கூடாது. மெயினில் ஆர்.சி.சி.பி. பொருத்துவதும் அவசியம், ஆனால் அது ஹோல்டர் பக்கத்து அதிர்ச்சியைத் தடுக்காது.

கிளாம்பை, துருவும் பெயிண்டும் சுரண்டிய இடத்தில், வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். டிராக்டரிலோ டிரெய்லரிலோ தொலைவில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும். டிராக்டரில் வேலை செய்யும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். ஹோல்டர், கிளாம்ப் இரண்டுக்கும் 35 சதுர மி.மீ. தாமிர கேபிள் ஏற்றது. உறை கிழிந்த கேபிளைச் சாக்கு சுற்றிப் பயன்படுத்தக் கூடாது.

உடலைக் காத்தல்

ராடு தொடாத நிலையில் ஹோல்டரில் 50 முதல் 80 வோல்ட் வரை இருக்கும். உலர்ந்த உடம்பில் இது சுருக்கென்று தட்டும். வியர்வையில் நனைந்த உடம்பில் உயிரையே பறிக்கலாம். ஆகவே மழையிலும், ஈர வரப்பிலும், கிணற்றுக்குள்ளும் வெல்டிங் கூடாது. உலர்ந்த பலகை அல்லது ரப்பர் விரிப்பின் மேல் நின்று, உலர்ந்த தோல் கையுறையுடன் வேலை செய்ய வேண்டும். ஈரக் கையுடன் ராடு மாற்றக் கூடாது. ஹோல்டரைக் கக்கத்தில் இடுக்கவும் கூடாது.

கூலிங் கிளாஸ் கண்ணைக் காக்காது. 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடி பொருத்திய முகக்கவசம் தேவை. சுடரைப் பார்த்த கண்ணில் உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், மணல் கொட்டியதுபோல் உறுத்தி நீர் வடியும். அப்போது தாய்ப்பாலோ வேறு கைவைத்தியமோ விடாமல் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தைகளுக்கும் இந்தப் பாதிப்பு உண்டு. அவர்களை அப்புறப்படுத்த வேண்டும்.

உடைக்கு நைலான் ஆகாது. முழுக்கைப் பருத்திச் சட்டையும், செருப்புக்குப் பதில் மூடிய காலணியும் அணிய வேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயின் புகை குளிர் காய்ச்சலை உண்டாக்கும். பூச்சை அகற்றிவிட்டு, திறந்த வெளியில், காற்று வீசும் பக்கம் நின்று செய்ய வேண்டும்.

தீயும் வெடிப்பும்

பறக்கும் பொறி வைக்கோலில் விழுந்து வெகுநேரம் கனன்று பிறகு பற்றும். எனவே 35 அடி சுற்றளவில் வைக்கோல், சருகு, சாக்கு, டீசல் எதுவும் இருக்கலாகாது. ஒரு வாளி நீரும் மணலும் அருகே இருக்கட்டும். தீ பற்றினால் மின்சாரத்தை நிறுத்திய பிறகே நீர் ஊற்ற வேண்டும். வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது இடத்தைக் கவனித்து வர வேண்டும்.

டீசல் டேங்க், எண்ணெய் டிரம், பூச்சிமருந்துக் கலன் ஆகியவற்றை, காலியாக இருந்தாலும் கழுவியிருந்தாலும், பண்ணையில் வெல்டிங் செய்யவே கூடாது. உள்ளே தங்கிய ஆவி குண்டுபோல் வெடிக்கும்.

வேலை செய்யும் முறை

துரு, சேறு, கிரீஸ் ஆகியவற்றைக் கம்பி பிரஷ்ஷால் அகற்ற வேண்டும். சாதாரண இரும்புக்கு 6013 வகை ராடு ஏற்றது. 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர், 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130 ஆம்பியர் வைக்கலாம். ராடு ஒட்டிக்கொண்டு, உருகிய இரும்பு குவிந்து நின்றால் ஆம்பியர் குறைவு. பொறி அதிகம் தெறித்து ராடு சிவந்தால் ஆம்பியர் அதிகம். ராடின் கனமளவு இடைவெளி விட்டு, சீராக இழுத்துச் செல்ல வேண்டும். கசடைத் தட்டும்போது சாதாரண கண்ணாடி அணிய வேண்டும். சூடான கசடு கண்ணில் தெறிக்கும்.

கொழு, பம்ப் உடல் போன்றவற்றுக்கு இம்முறை பொருந்தாது. கொழு கடின எஃகு. பம்ப் உடல் வார்ப்பிரும்பு. சாதாரண ராடு வைத்தால் ஒட்டிய இடத்தின் அருகிலேயே மீண்டும் வெடிக்கும். அவற்றுக்குத் தனி ராடும் முன்சூடும் வேண்டும். பட்டறைக்கு அனுப்புவதே நலம்.

அதிர்ச்சி ஏற்பட்டால்

யாருக்கேனும் மின் அதிர்ச்சி ஏற்பட்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இயலாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் ஹோல்டரைத் தள்ளிவிட்டு, 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். ஆகவே வெல்டிங் வேலையைத் தனியாகச் செய்யாமல், மெயின் சுவிட்ச் இருக்குமிடம் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கிய முதல் வாரம் பழைய இரும்புத் துண்டுகளில் பழகிய பின்னரே கருவிகளில் கை வைக்க வேண்டும்.