வாடகை வீடு: கனவும் கணக்கும்

“ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால் போதும், வாடகைப் பணமே வங்கிக் கடனை அடைத்துவிடும்” என்று பலர் கூறக் கேட்டிருப்போம். இக்கூற்று எல்லாச் சூழலுக்கும் பொருந்துமா? ஒரு கணக்கின்வழி ஆராய்வோம்.

சிரம்பானில் சொந்த வீட்டில் வசிக்கும் ஒருவர், 300,000 ரிங்கிட் விலையில் ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்கி, மாதம் 1,200 ரிங்கிட்டுக்கு வாடகைக்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு வாடகை 14,400 ரிங்கிட். இது வீட்டின் விலையில் 4.8 விழுக்காடு. இதனை மொத்த வருமான விகிதம் என்பர்.

ஆனால், இத்தொகை முழுவதும் அவர் கையில் தங்குவதில்லை. குடியிருப்பவர் மாறும்போது வீடு ஒரு மாதம் காலியாக இருந்தால் 1,200 ரிங்கிட் குறையும். பராமரிப்புக் கட்டணம் 2,400 ரிங்கிட், மதிப்பீட்டு வரியும் நில வரியும் 800 ரிங்கிட், பழுதுபார்ப்பு 1,000 ரிங்கிட் எனச் செலவுகள் தொடரும். இவை போக எஞ்சுவது 9,000 ரிங்கிட்டே. அதாவது, நிகர வருமானம் 3 விழுக்காடு.

இனி, கடனைக் கவனிப்போம். அவர் 30,000 ரிங்கிட் முன்பணம் செலுத்தி, மீதம் 270,000 ரிங்கிட்டை 4 விழுக்காடு வட்டியில் 30 ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறக்குறைய 1,290 ரிங்கிட். நிகர வாடகையோ மாதம் 750 ரிங்கிட்தான். எஞ்சிய 540 ரிங்கிட்டை அவர் தம் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஈடுகட்ட வேண்டும். முத்திரை வரி 5,000 ரிங்கிட்டும் வழக்கறிஞர் கட்டணமும் தொடக்கச் செலவுகளாகும்.

அப்படியானால் வாடகை வீடு நட்டமா? அவ்வாறு முடிவு செய்துவிட முடியாது. தவணையின் ஒரு பகுதி அசலைக் குறைக்கிறது. காலப்போக்கில் வாடகையும் வீட்டு விலையும் உயரக்கூடும். எனினும், அவ்வுயர்வுக்கு எவரும் உத்தரவாதம் அளிக்க இயலாது. ஐந்தாண்டுகளுக்குள் விற்று இலாபம் ஈட்டினால், அதற்கு வரியும் செலுத்த நேரிடும். எனவே, இம்முதலீடு பொறுமை உடையவர்களுக்கே ஏற்றது.

வீடு வாங்கும் முன் ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி, “எவ்வளவு வாடகை வரும்?” என்பது மட்டுமன்று, “மூன்று மாதம் வாடகை வராவிட்டால் என் குடும்பம் தாங்குமா?” என்பதும் ஆகும். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்னும் பழமொழி முதலீட்டுக்கும் பொருந்தும்.