வெங்கச்சாங்கல் பொறுக்கப் போகும் பிள்ளைகளுக்கு

கொசஸ்தலையாற்றுப் படுகையில் நாற்பது வருஷமாகக் குனிந்த தலையோடு நடக்கிறவன் சொல்கிறேன். முதல் நாள் பை நிறைய அள்ளிவந்து வீட்டில் திட்டு வாங்கியவன்தான் நானும்.

1. ஈரக் கல்லை நம்பாதீர்கள். நனைந்தால் எல்லாக் கல்லும் பளபளக்கும். ஆறு தேய்த்த வெங்கச்சாங்கல், அதாவது குவார்ட்ஸ், காய்ந்ததும் பெரும்பாலும் மங்கிவிடும். லென்ஸில் பார்த்தால் நகக்குறி மாதிரி சிறு பிறைகள் தெரியலாம். வெள்ளத்தில் கல்லோடு கல் மோதிய தழும்பு அது.

2. நிறத்தைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். பால்வெள்ளை, உள்ளே அடைபட்ட நுண்ணிய நீர்த்துளிகளால் வருவது. மேலே உள்ள மஞ்சளும் சிவப்பும் அநேகமாக இரும்புக்கறை.

3. பாட்டில் துண்டில் கல்லை அழுத்திக் கீறுங்கள். ஈரவிரலால் துடைத்த பிறகும் கோடு நின்றால்தான் கீறல். அழிந்தால் வெறும் மாவு. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, கண்ணாடி சுமார் 5.5, சுண்ணாம்புக்கல் 3.

4. உடைந்த முகம் பொய் சொல்லாது. குவார்ட்ஸ் சிப்பி ஓடுபோல வளைந்து உடையும். ஃபெல்ட்ஸ்பார் தட்டையாகப் பிளந்து, திருப்பும்போது பளிச்சிடும். குவார்ட்சைட்டின் முகம் கற்கண்டுத் தூளை அழுத்தி ஒட்டியதுபோல மணிமணியாக இருக்கும்.

5. தெளிந்த கல் கிடைத்தால் உடனே துள்ளாதீர்கள். படிகம் என்று நான் இரண்டு வருஷம் அலமாரியில் வைத்திருந்தது, ஆறு உருட்டிய சோடா பாட்டில் துண்டு. உள்ளே உருண்டைக் குமிழி இருந்ததை லென்ஸ் வாங்கிய பிறகுதான் கண்டேன்.

6. இருட்டறையில் இரண்டு வெங்கச்சாங்கல்லை அழுத்தி உரசுங்கள். கல்லுக்குள்ளேயே மஞ்சள் ஒளி பரவும், கருகல் வாடையும் வரும். தண்ணீருக்குள் உரசினாலும் ஒளிரும்.

7. மூலைகள்தான் முதலில் தேயும். மூலை கூராக இருந்தால், தாய்ப்பாறை பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

8. கூழாங்கல்லின் ஓரத்தில் வரிசையாகச் சில்லு பெயர்ந்திருந்தால் நில்லுங்கள். அது மனிதக் கையின் வேலையாக இருக்கலாம். 1863இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவி குவார்ட்சைட்டால் ஆனது. அப்படி ஒன்றைக் கண்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். கல்லை மட்டும் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். இடம் மாறினால் அதன் பாதிக் கதை போய்விடும்.