பழைய வண்டி வாங்குமுன் எஞ்சினைப் பாருங்கள்

மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் நாம் அரிசி எடுப்பதில்லை. ஆனால் பழைய வேனோ காரோ வாங்கும்போது பெயிண்டையும் டயரையும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். நாங்களும் ஒருமுறை அப்படித்தான் வாங்கினோம். தீபாவளிச் சரக்கு ஏற்றிய நாளில் ஹெட் காஸ்கெட் போய் வண்டி வழியில் நின்றது. ரிப்பேர் செலவோடு வாடகை வண்டிச் செலவும் சேர்ந்தது.

ஆகவே வணிகப் பெருமக்கள் கவனிக்க வேண்டியவை:

1. காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே பாருங்கள். முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், ஸ்டார்ட் ஆவதில் உள்ள குறை தெரியாது.

2. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அடிப்பக்கம் பால் கலந்த காபி நிறத்தில் பிசுக்கு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

3. புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது; பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். டீசல் வண்டியில் கரும்புகை அதிகம் வந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பாக இருக்கலாம். அது சிறு செலவு. இன்ஜெக்டர் கோளாறானால் பெருஞ்செலவு. வெள்ளைப் புகை காலையில் சற்று வந்து மறைவது இயல்பு. சூடான பிறகும் நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

4. ஓடும்போது வெப்பமுள் ஏறினால் உடனே நிறுத்துங்கள். 'கடை வரை போய்விடலாம்' என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் பீய்ச்சியடிக்கும்.

விற்பவருக்கு வேண்டிய மெக்கானிக்கை நம்பாமல், நமக்குப் பழக்கமானவரை உடன் அழைத்துச் செல்வோம். அவர் கூலியை வண்டி விலையோடு சேர்த்தே கணக்கிடுவோம்.