96க்கும் மதிப்பெண் உண்டு

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். திண்ணனூர் நாட்டுக் குழந்தைகளுக்கு அது மனப்பாடமான எண். எனவே எட்டாம் வகுப்பில் காரணிகளை 70இலிருந்தே தொடங்கினேன். 1, 2, 5, 7, 10, 14, 35, 70 என எட்டுக் காரணிகள்.

அந்த வாரத் தேர்வில், "100க்குள் அதிகக் காரணிகள் கொண்ட எண் எது?" என்று கேட்டிருந்தேன். என் விடைக்குறிப்பில் இருந்தது 60. ஒரு மாணவி 96 என்று எழுதியிருந்தாள். தவறு என்று போட்டுவிட்டேன்.

அவள் வகுப்பில் அதிகம் பேசாதவள். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பையில் காப்பிக் கொட்டை கொண்டுவந்தாள். 96 கொட்டைகளை எண்ணித் தரையில் செவ்வகங்களாக அடுக்கிக் காட்டினாள்: 1×96, 2×48, 3×32, 4×24, 6×16, 8×12. ஒரு செவ்வகத்துக்கு இரண்டு காரணிகள், மொத்தம் 12. "அறுபதுக்கும் பன்னெண்டுதானே சார்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அன்றைய பாடமே அதுவாயிற்று. கரும்பலகையில் 96 = 2⁵×3 என்று எழுதினோம். இதன் காரணி ஒன்றை உருவாக்க, 2இன் அடுக்கை 0 முதல் 5 வரை ஆறு வழிகளில் எடுக்கலாம். 3இன் அடுக்கை 0 அல்லது 1 என இரு வழிகளில் எடுக்கலாம். ஆகவே 6×2 = 12. ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் போதும். 60 = 2²×3×5 என்பதால் 3×2×2 = 12.

100க்குள் 12ஐத் தாண்ட முடியுமா? நான்கு வெவ்வேறு பகா எண்கள் வேண்டுமென்றால் 2×3×5×7 = 210 ஆகிவிடும். மூன்று என்றால் 30இல் தொடங்கி இன்னும் ஒரு பகா எண்ணுக்குத்தான் இடம் உண்டு. அதற்கு 12தான் உச்சம். இரண்டு என்றால் 72உம் 96உம் 12 தருகின்றன. ஒன்றே என்றால் 64. அதற்கு 7 காரணிகள் மட்டுமே. பிள்ளைகளே தேடிப் பட்டியலிட்டார்கள்: 60, 72, 84, 90, 96. ஐந்து சரியான விடைகள்!

60க்கு உள்ள சிறப்பு, 12 காரணிகளை முதலில் எட்டுவது அதுதான் என்பது. 90 = 2×3²×5. இதில் 2, 3 ஆகியவற்றின் அடுக்குகளை இடம் மாற்றினால் 60 கிடைக்கும். காரணிகளின் எண்ணிக்கை குறையாது, எண் சிறிதாகும். பெரிய அடுக்கைச் சிறிய பகா எண்ணுக்குக் கொடுப்பதே சூத்திரம்.

தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட இத்தகைய எண்களைப் பற்றித்தான் ஈரோட்டில் பிறந்த இராமானுஜன் 1915இல் லண்டன் கணிதச் சங்க இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். 1916இல் கேம்பிரிட்ஜில் பி.ஏ. பட்டம் பெற்றுத் தந்தது இந்த ஆய்வுதான். அவர் தந்த பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 2,93,31,86,25,600. அதற்கு 5040 காரணிகள். இதைச் சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. மேதைக்கே ஒன்று விடுபடலாம் என்றால், ஆசிரியரின் விடைக்குறிப்பில் நான்கு விடுபடாதா?

அந்த மாணவியின் தாளை வகுப்பின் முன்னிலையில் திருத்தி மதிப்பெண் கொடுத்தேன். இப்போது கேள்வியை, "100க்குள் அதிகக் காரணிகள் கொண்ட எண்கள் யாவை? அவற்றில் சிறியது எது?" என்று கேட்கிறேன்.

உங்கள் வகுப்பில் 1000 வரை தேடச் சொல்லுங்கள். 2×3×5×7 = 210இல் தொடங்கட்டும்; இன்னும் இரண்டு 2களுக்கு இடம் உண்டு. 840 கிடைக்கும், 32 காரணிகள். 720க்கு 30தான். யாராவது வேறு விடை எழுதினால், தவறு என்று போடும் முன் பகாக் காரணிப்படுத்திப் பாருங்கள்.