அம்மம்மா இழைத்த பெட்டி

1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டும், 2009 ஜனவரியில் வட்டக்கச்சியை விட்டும் புறப்பட்ட குடும்பங்கள் கையோடு கொண்டுபோன பொருட்கள் கொஞ்சமே. அவற்றுள் அம்மம்மா இழைத்துத் தந்த ஓலைப்பெட்டி இருந்தால், அதன் பெறுமதி எவ்வளவு?

ஒரு கூரையின்கீழ் இரண்டு குடும்பங்கள் இருக்கையில், மற்ற வீட்டுப் பிள்ளை அதை மழையில் விட்டுவிடுகிறது. ஓலை கறுத்து, விளிம்பு பிரிகிறது. "பெட்டிதானே, சந்தையில் வாங்கலாம்" என்று தேற்றாதீர்கள். இழைத்தவர் இன்று இல்லை. உரியவர் அழட்டும், கோபத்தையும் சொல்லட்டும். பிள்ளையை அடிக்க வேண்டாம்.

பெட்டியை நிழலில் உலர்த்தி, பூஞ்சணத்தைத் துடையுங்கள். சார்வோலையை நனைத்து, பழைய இழையின் வழியே செருகுங்கள். காய்ந்த ஓலை முறியும். விளிம்பை நாரால் பொத்துங்கள். ஓலை வார்ந்து கொடுப்பது அந்தப் பிள்ளையின் வேலையாகட்டும். கறுப்பு முழுவதும் போகாது. திருத்திய பெட்டியை அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கவிட்டால் பூச்சி அரிப்பது குறையும்.