நாற்பதில் மீண்டும் கல்லூரி: பணம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை?

கல்லூரி வாசல் வயது பார்த்த காலம் மெல்ல மாறி வருகிறது. நீட் தேர்வுக்கு இருந்த வயது உச்சவரம்பை 2022 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு 30 வயது என்று பார் கவுன்சில் வகுத்த விதியை 2017-லேயே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பெங்களூரு நாகர்பாவியில் உள்ள தேசிய சட்டப் பள்ளி, ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கான மூன்றாண்டு எல்எல்பி படிப்பை 2022-ல் தொடங்கியது.

வாசல் திறந்துவிட்டது. கட்டணத்துக்கு வழி? அங்கேதான் வதந்திகள் ஆட்சி செய்கின்றன. அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் ஒயிட்ஃபீல்டு ஐடி அலுவலகங்களிலும் தமிழர்கள் இதைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி வரும் சில நம்பிக்கைகளை எடுத்துக்கொள்வோம். இவற்றை நம்பி விண்ணப்பமே போடாமல் விட்டவர்கள் ஏராளம்; அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

“நாப்பது ஆச்சு. எஜுகேஷன் லோன்லாம் சின்னப் பசங்களுக்குத்தான்.”

இந்தியாவில் பெரும்பாலான வங்கிகள் பின்பற்றுவது இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டம். அதில் மாணவருக்கு வயது உச்சவரம்பு கிடையாது. ஒரு தனி வங்கி தன் சொந்தத் திட்டத்தில் வரம்பு வைத்திருக்கலாம். அப்படியானால் அந்த விதியைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கவுண்டரில் “வயசு ஜாஸ்தி” என்று சொல்லும் அதிகாரியின் மனதில் பெரும்பாலும் ஓடுவது வேறு கணக்கு. படிப்புக் காலம், அது முடிந்து ஓராண்டு, அதற்கப்புறம்தான் தவணை தொடங்கும். தவணைக் காலம் 15 ஆண்டு வரை போகலாம். 45 வயதில் இரண்டாண்டுப் படிப்பில் சேர்பவருக்கு இதை முழுதாகக் கூட்டினால் கடன் 63 வயதில்தான் முடியும். ஓய்வுக்குப் பிறகும் தவணை நிற்பதை எந்த வங்கியும் விரும்பாது. ஆகவே 15 ஆண்டு கேட்காதீர்கள். எட்டாண்டு கேளுங்கள், 56-ல் முடிந்துவிடும். படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டி வருவேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். அந்தக் காலத்துக்குத் தனி வட்டிதான் போடுவார்கள். விடாமல் கட்டி வருபவருக்கு ஒரு சதவீதம் வரை வட்டியைக் குறைக்கவும் மாதிரித் திட்டம் இடம் தருகிறது. வேலை அனுபவமும் வருமானச் சான்றும் உள்ள நாற்பது வயதுக்காரர், பதினெட்டு வயதுப் பையனைவிடப் பல விதங்களில் பத்திரமான கடனாளி. அதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு நம்முடையது.

“அப்பா கையெழுத்து இல்லாம நடக்காது.”

அப்பா இறந்துவிட்டார், அல்லது எழுபதைத் தாண்டிவிட்டார். அதனால் கடன் இல்லை என்று பலர் தாங்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். மணமானவருக்குக் கணவனோ மனைவியோ இணைக் கடனாளியாகலாம். மாமனார், மாமியாரும் ஆகலாம். மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை அடமானமும் இல்லை, கைப்பணமும் இல்லை. ஏழரை லட்சத்தைத் தாண்டும்போதுதான் சொத்துப் பத்திரம் பற்றிய பேச்சு வரும்.

2024 நவம்பர் 6 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பட்டியலில் உள்ள தரமான கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் கிடைத்தவருக்கு அடமானமோ ஜாமீனோ இல்லாமல் கடன். ஐஐஎஸ்சி, ஐஐஎம், தேசிய சட்டப் பள்ளி போன்றவை இருக்கும் பெங்களூருவில் இது சின்ன விஷயமல்ல. மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தால் இது கிடையாது.

ஆனால் வட்டி மானியத்தில் கவனம் தேவை. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால்தான், 10 லட்சம் வரையான கடனுக்கு, தவணை தொடங்கும் வரை 3 சதவீத மானியம். அதிலும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குத்தான். கணவன், மனைவி இருவரும் சம்பாதிக்கும் பெங்களூருக் குடும்பம் இந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். கடன் கிடைக்கும், மானியம் கிடைக்காது. இரண்டையும் ஒன்றாக நினைத்து பட்ஜெட் போட்டுவிடாதீர்கள்.

“லோன் சாங்ஷன் ஆனா வீட்டுச் செலவும் அதுலயே பாத்துக்கலாம்.”

முதிர்ந்த மாணவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்தத் தப்புக்கணக்குதான். கல்விக் கடன் கட்டணத்துக்கு, விடுதிக்கு, புத்தகத்துக்கு, கணினிக்கு, படிப்போடு ஒட்டிய செலவுகளுக்கு. கட்டணம் நேராகக் கல்லூரிக்கே போய்விடும். வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக் கடன் தவணை இவை எதற்கும் அதில் இடமில்லை. வேலையை விட்டால் இழக்கும் சம்பளத்தை ஈடுகட்ட இந்தியாவில் எந்தத் திட்டமும் கிடையாது. இருபது வயதில் படித்தபோது இந்தச் செலவு நம் கண்ணில் படவில்லை, அப்பாவும் அம்மாவும் சுமந்தார்கள். இப்போது அதைச் சுமப்பது நம் வீட்டில் உள்ள இன்னொருவர். அவரோடு உட்கார்ந்து பேசாமல் வங்கிக்குப் போவதில் அர்த்தமில்லை.

வேலையை விடாமல் படிக்கும் வழிகள் இதனால்தான் முக்கியம். ஐஐஎம் பெங்களூருவில் வேலையில் இருப்பவர்களுக்கென்றே பிஜிபிஇஎம் படிப்பு இருக்கிறது. ஐஐஎஸ்சியில் ஆராய்ச்சி நிறுவன ஊழியர்கள் வேலையில் இருந்தபடியே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் ஏற்பாடு பல்லாண்டுகளாக உண்டு. கம்பெனியே கட்டணத்தைத் திருப்பித் தரும் இடங்களில், படித்து முடித்தபின் எத்தனை ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே படித்துவிடுங்கள்.

இன்னொரு சிறு உதவியையும் சொல்ல வேண்டும். கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை வைத்திருக்கும் பெண்களுக்கு 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் பிஎம்டிசி சாதாரணப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. மாணவர் பாஸ், வயது என்று எதுவும் தேவையில்லை. தினமும் கல்லூரிக்குப் போய் வரும் பெண்ணுக்கு இது மாதாமாதம் மிச்சம்.

“பெங்களூருல இருபது வருஷமா இருக்கோம், கர்நாடகா ஸ்காலர்ஷிப் குடுக்கணும்ல?”

பெங்களூருத் தமிழர்களை அதிகம் குழப்புவது இது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை மத்திய அரசும் மாநிலமும் 60-க்கு 40 என்ற விகிதத்தில் பங்கிட்டுத் தருவது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பணத்தைத் தருவது மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலம். படிக்கும் இடத்தின் மாநிலம் அல்ல. தர்மபுரியிலிருந்தோ வேலூரிலிருந்தோ வந்து பெங்களூருவில் படிப்பவர் விண்ணப்பிக்க வேண்டியது தமிழ்நாட்டு அரசிடம்.

சாதிச் சான்றிதழிலும் இதே சிக்கல்தான். ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ளவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அந்தப் பட்டியலின் பலன்களைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-லும் மறுபடி 1994-லும் தீர்ப்பளித்துவிட்டது. இரு மாநிலப் பட்டியலிலும் ஒரே சாதிப் பெயர் இருந்தாலும் நிலை இதுவே. இது நியாயமா என்று கேட்டால், தலைமுறையாகக் கூலி வேலைக்கு இங்கே வந்து தங்கிவிட்ட குடும்பங்களுக்கு நியாயமில்லை என்றே சொல்வேன். ஆனாலும் இன்றைய சட்டம் அதுதான். தெரியாமல் தவறான அரசிடம் விண்ணப்பித்தால், நிராகரிப்பு வருவதற்குள் சரியான அரசின் கடைசித் தேதி போய்விடும்.

கோலார் தங்கவயலிலோ சிவாஜிநகரிலோ பல தலைமுறையாக வேரூன்றி, கர்நாடக அதிகாரிகளிடமே சாதிச் சான்று பெற்றிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கதை வேறு. அவர்கள் மாநில உதவித்தொகைத் தளமான எஸ்எஸ்பியில் விண்ணப்பிக்கலாம். சாதி, வருமானச் சான்றுகளின் ஆர்டி எண் கையில் இருக்க வேண்டும். சான்றில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் எழுத்துப் பிசகாமல் பொருந்துகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொண்ட பெண்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

முதிர்ந்த மாணவரைப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் தடுக்கும் உண்மையான விதி வயது அல்ல; ஒரே நிலையில் இரண்டாவது படிப்புக்குத் தரமாட்டார்கள் என்பதுதான். பிஏ முடித்தவர் பிகாம் படித்தால் கிடையாது. ஓர் எம்ஏ கையில் இருக்க, வேறு பாடத்தில் இன்னொரு எம்ஏ படித்தாலும் கிடையாது. பிஎட் முடித்துவிட்டு எல்எல்பி படித்தால், ஒரு தொழிற்படிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதாகக் கொண்டு மறுக்கவும் கூடும். பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவர், பிளஸ் டூவோடு நின்றவர், பட்டத்துக்கு மேல் முதுகலைக்குப் போகிறவர் இவர்களுக்கு வழி உண்டு. பெற்றோர் இருக்கும்வரை பெற்றோர் வருமானம், மணமாகி வேலையில் இல்லாத பெண்ணுக்குக் கணவர் வருமானம் என்பது இத்திட்டத்தின் நெடுநாள் நடைமுறை.

“யுவநிதிப் பணம் வருதே, அதை வச்சுப் படிக்கலாம்.”

கூடாது. கர்நாடகத்தின் யுவநிதி வேலையில்லாப் பட்டதாரிக்கும் டிப்ளமா முடித்தவருக்குமான உதவி. மேற்படிப்பில் சேர்ந்துவிட்டால் தகுதி போய்விடும்.

“வீட்ல இருந்தே கரஸ்ல படிச்சாலும் ஸ்காலர்ஷிப் வரும்.”

பெரும்பாலும் வராது. 30 வயதுக்குட்பட்டவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் தரும் யுஜிசியின் முதுகலைத் தேசிய உதவித்தொகை, கல்லூரிக்குப் போய் முழுநேரம் படிப்பவர்களுக்கு மட்டும். வங்கிகளும் தொலைநிலைப் படிப்பென்றால் தயங்கும். ஆனால் அந்தப் படிப்பின் செலவே மிகக் குறைவு என்பதை மறக்க வேண்டாம். இக்னோ சில படிப்புகளுக்குப் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குப் பெங்களூருவில் மையங்கள் உண்டு. சேரும் முன் அங்கே கட்டணச் சலுகைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இந்தப் பல்கலைக்கழகம் யுஜிசி அங்கீகாரத்தை இழந்து 2018-ல்தான் திரும்பப் பெற்றது. ஆகவே எந்தத் தொலைநிலைப் படிப்பானாலும், நீங்கள் சேரும் ஆண்டுக்கு அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று யுஜிசி பட்டியலில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

“நெட் பாஸ் பண்ணா பிஎச்டிக்கு மாசாமாசம் காசு.”

நெட் தேர்வில் வெவ்வேறு பலன்கள் உண்டு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பே இல்லை. மாதம் 37,000 ரூபாய் தரும் ஜேஆர்எஃப்புக்கு வரம்பு 30 வயது. பெண்களுக்கும், ஓபிசி, பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிப் பிரிவினருக்கும் ஐந்தாண்டு தளர்வு. 38 வயதில் நெட் எழுதுபவர் ஆசிரியர் வேலைக்குத் தகுதி பெறலாம், இந்த மாத உதவி கிடைக்காது. வயது உண்மையாகவே குறுக்கே நிற்கும் இடம் இது.

பெண்களுக்கு வேறு கதவுகள் உண்டு. அறிவியல் துறையில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ் பிஎச்டி திட்டம் 27 முதல் 45 வயது வரையான பெண்களுக்கானது. குழந்தை, குடும்பம் என்று ஆய்வை இடையில் விட்டவர்கள் திரும்பி வரட்டும் என்ற நோக்கம் இத்திட்டத்தின் முன்னோடிகளிலிருந்தே தொடர்கிறது. வீட்டுக்கு ஒரே மகளாகப் பிறந்தவர்களுக்கான சாவித்ரிபாய் ஜோதிராவ் புலே ஆய்வு உதவித்தொகையில் 40 வயது வரை இடமுண்டு. தளர்வுப் பிரிவினருக்கு 45.

எம்டெக் படிக்க விரும்பும் பொறியாளர்களுக்கு: கேட் தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது. அதன் வழியே முழுநேரம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். வெளிநாடு என்றால், மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை 35 வயதோடு நிற்கிறது. ஜே.என். டாடா அறக்கட்டளையின் கடன் உதவித்தொகை 45 வரை போகிறது. பிரிட்டனின் செவனிங்குக்கு உச்சவரம்பே இல்லை, இரண்டாண்டு வேலை அனுபவம்தான் கேட்கிறார்கள்.

“என் காலேஜ் ஃபீஸை டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்.”

பிள்ளைகளின் கட்டணத்துக்கு உள்ள சலுகை நம் சொந்தக் கட்டணத்துக்கும் கணவன், மனைவி கட்டணத்துக்கும் கிடையாது. கழிக்க முடிவது கல்விக் கடனின் வட்டி. 80இ என்று பலருக்கும் பழகிய அந்தச் சலுகை நமக்காக, கணவன் அல்லது மனைவிக்காக, பிள்ளைக்காக எடுத்த கடனுக்கு எட்டாண்டு வரை செல்லும். தொகைக்கு உச்சவரம்பு இல்லை. கடன் வங்கியிலோ அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளையிலோ வாங்கியதாக இருக்க வேண்டும். மச்சானிடம் வாங்கினால் செல்லாது, பெர்சனல் லோன் எடுத்துக் கட்டணம் கட்டினால் நிரூபிப்பது கஷ்டம். புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

இனி வங்கிக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாய்மொழியாகக் கேட்டு, வாய்மொழியாக “இல்லை” கேட்டுத் திரும்பாதீர்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மாதிரித் திட்டத்தின்படி கல்விக் கடன் விண்ணப்பத்தைக் கிளை அதிகாரி தானாக நிராகரிக்க முடியாது. அடுத்த மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும், காரணத்தை மாணவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.